தொட்டிக்குள் இறங்குகிறவனுக்கு ஒரு டின் பால்

சூயஸ் கால்வாய் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. யாராவது வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால் பார்ப்பேன், மறுநாள் மறந்துவிடுவேன். ஆனால் அது இரண்டு முறை மூடப்பட்டது எனக்குத் தெரியும். முதல் முறை ஐம்பத்தாறாம் ஆண்டு முடிகிற சமயம். அடுத்தது அறுபத்தேழில். எங்கோ பெரிய மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டு ஒரு கால்வாயை அடைத்தால், சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருக்கிறவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாக எழுதுவேன் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கப்பல்களில் தொட்டி கழுவுகிற வேலை பார்த்தார். கப்பலின் வயிற்றுக்குள் வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும், கீழே கடையும் மேலே அறைகளுமாக நாங்கள் குடியிருந்த கடைவீட்டைவிட உயரம் என்பார். ஒரு பயணத்தில் கறுப்பு எண்ணெய் ஏற்றி வந்த கப்பல் அடுத்த பயணத்தில் மண்ணெண்ணெய் ஏற்ற வேண்டும் என்றால், அடியில் தங்கிய கசடைச் சுரண்டி எடுத்துத் துடைத்தாக வேண்டும். அதற்கு ஆள்தான் இறங்க வேண்டும். ஒரு காண்டிராக்டர் ஆள் பிடித்துக் கொடுப்பார். மண்டோர் என்கிற மேஸ்திரி அவர்களை மோட்டார் படகில் ஏற்றி, வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். இரும்பு பட்டால் தீப்பொறி பறக்கும் என்பதால் கையில் பித்தளைச் சுரண்டிதான். அள்ளிய கசடை வாளியில் போட்டுக் கயிறு கட்டி மேலே அனுப்புவார்கள். காண்டிராக்டர் பெயரையோ கப்பல் பெயரையோ எழுத மாட்டேன். எழுதினால் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வரும். செத்தவனுக்காக ஒரு வரி எழுதாதவர்கள் அதற்கு மட்டும் உடனே எழுதுவார்கள்.

எண்ணெயை இறக்கிவிட்டதும் தொட்டிக்குள் ஆள் இறங்கிவிட முடியாது. எண்ணெய் போனாலும் அதன் ஆவி போகாது. அதை எல்லோரும் கேஸ் என்பார்கள். அதை வெளியேற்றக் கித்தான் துணியில் தைத்த நீளமான குழாய் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மேல் வாய் கடற்காற்றைப் பிடிக்கும், கீழ் வாய் தொட்டியின் அடி வரைக்கும் இறங்கிக் காற்றைக் கொட்டும். காற்றுப்பாய் என்று பெயர். அது நாள் கணக்கில் தொங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் இறங்கலாம். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் அவர் எனக்கு விளக்கிச் சொல்வார். பெரிய இன்ஜினியர் என்று நினைப்பு. நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறேன்.

சில நாள் அவர் வீட்டுக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வருவார். மாடிப்படியில் கால் இடறும், அதற்கும் சிரிப்பார். சோற்றைப் போட்டால் சோற்றைப் பார்த்துச் சிரிப்பார். பக்கத்து அறையில் இருந்த என் நாத்தனார், அவருடைய அக்கா, கதவோரம் நின்று மூக்கைச் சுளிப்பாள்.

“குடிச்சிட்டு வந்திருக்கான். நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?”

குடிக்கவில்லை. கேஸ் லேசாக ஏறினால் அப்படித்தான் இருக்குமாம், கள் குடித்தவன் மாதிரி. கொஞ்சம் கூடினால் தலைவலி, வாந்தி. இன்னும் கூடினால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதில்லை. எண்ணெய் நாற்றம் அவர் உடம்பைவிட்டுப் போகவே போகாது. நான் கட்டிச் சவுக்காரம் போட்டு முதுகைத் தேய்ப்பேன். தண்ணீர்தான் கறுப்பாகும், நாற்றம் அப்படியே இருக்கும். ஊரில் லாரி ஓடியது, விளக்கு எரிந்தது, வெள்ளைக்காரர் வீட்டில் ஐஸ் பெட்டி உறுமியது. அதற்கெல்லாம் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று யாரும் மோந்து பார்க்கவில்லை. எங்கள் பாயும் தலையணையும் அந்த வாடைதான் அடித்தன.

இந்தக் கேஸுக்கு மருந்து பால் என்றார்கள். தொட்டிக்குள் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் காலையில் படகுத்துறையில் ஒரு டின் பால் கொடுப்பார் மண்டோர். சீனி போட்ட கெட்டிப் பால். அங்கே இருந்த கோப்பிக் கடையில் அதை உடைத்து, சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படகு ஏற வேண்டும். உள்ளே பால் இருந்தால் கேஸ் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். மண்டோர் சொன்னார், ஆட்கள் நம்பினார்கள், ஆட்களின் பெண்டாட்டிகள் நாங்களும் நம்பினோம். சிமெண்டு மூட்டை தூக்குகிறவனுக்கும் அதே பால்தான். பெயிண்ட் அடிக்கிறவனுக்கும் அதே பால்தான். முகமூடி கேட்டவனுக்கு முகமூடி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பால் மட்டும் தவறாமல் வந்தது.

எங்களுக்கு மகள் பிறந்தது ஐம்பத்தாறில். எனக்குப் பால் போதவில்லை. குழந்தை குடித்துவிட்டு அழும், அழுதுவிட்டுக் குடிக்கும். பஃபலோ ரோட்டுப் பக்கம் மாடு வைத்திருந்தவர்களிடம் வாங்கிய பால் அவளுக்குச் சேரவில்லை, வயிற்றால் போனது. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தால் அமைதியாகத் தூங்கினாள். அன்றிலிருந்து அவர் தம் பங்கு டின்னை உடைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். சாயங்காலம் வந்ததும் முதலில் அதை மடியிலிருந்து எடுத்து வைப்பார்.

“நீங்க குடிக்கலையா?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. பாப்பா குடிக்கட்டும்.”

“மண்டோரு திட்டப் போறாரு.”

“அவரு டின்னு குடுக்கிறதோட சரி. வயித்தத் திறந்தா பாக்கப் போறாரு?”

நானும் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கிக்கொண்டாய் என்று பிற்பாடு என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். பிள்ளை பசியில் அழுதது, அப்பன் பால் கொண்டுவந்தான். இதில் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. கேட்கவும் மாட்டேன்.

பிறகு கால்வாயை மூடினார்கள். எங்கள் தெருவுக்கு அது மண்ணெண்ணெயாகத்தான் வந்து சேர்ந்தது. எண்ணெய் கிடைக்காமல் போகப் போகிறது என்று யாரோ சொல்ல, சாமான் கடை வாசலில் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டம் நின்றது. கட்டிலுக்கு அடியில், மாடிப்படிக்கு அடியில், சாமி படத்துக்கு அடியில்கூட மண்ணெண்ணெய் வாங்கி வைத்தார்கள். ஒரு தீக்குச்சி விழுந்திருந்தால் தெருவே போயிருக்கும். கோப்பிக் கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் எங்களுக்கு விளக்கம் சொன்னார்கள். கால்வாய் வழியாக வந்துகொண்டிருந்த கப்பலெல்லாம் இனி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பயணம் நீளும், இருக்கிற கப்பல் போதாது, உலகத்தில் எந்த எண்ணெய்க் கப்பலும் இனி ஒரு நாள்கூடச் சும்மா நிற்க முடியாது. அதைச் சொல்லிவிட்டுக் கோப்பியை உறிஞ்சினார்கள். ஒரு கப்பல் சும்மா நிற்கக் கூடாது என்றால் காற்றுப்பாய் எத்தனை நேரம் தொங்கும் என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. தொட்டிக்குள் இறங்குகிறவருக்கே அதைப் பற்றிக் கேட்கிற உரிமை இல்லையே.

வேலை மட்டும் கூடியது. முன்பெல்லாம் வாரத்தில் சில நாள் சும்மா இருப்பார். இப்போது ஞாயிறும் போனார். சிரித்துக்கொண்டு வருகிற நாட்கள் போய், பேசாமல் வந்து சுவரைப் பார்த்துப் படுக்கிற நாட்கள் அதிகமாயின. ஒருநாள் போக வேண்டாம் என்று சொன்னேன். போகாவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்றார். அது உண்மைதான். படகுத்துறையில் ஒருவன் வரவில்லை என்றால் அந்த இடத்தை நிரப்ப நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் இறந்த செய்தியை மண்டோர்தான் கொண்டுவந்தார். நான் குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தேன். மத்தியானம் மண்டோர் எங்கள் தெருவுக்கு வருகிற ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தொட்டிக்குள் முதலில் இறங்கியவர் என் வீட்டுக்காரர். ஏணி முடிந்து தரையில் கால் வைத்தவர், சுரண்டியை எடுக்கக் குனிந்தார், எழுந்திருக்கவில்லை. தூக்கிவர இறங்கிய இன்னொருவரும் பாதி ஏணியில் மயங்கி, அவரைக் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த இன்னொருவரை மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். காற்றுப்பாயைத் தொங்கவிட்டது முதல் நாள் இருட்டின பிறகு, விடிந்ததும் இறக்கிவிட்டார்கள் என்று அவர்தான் என் காதோடு சொன்னார். சொல்லிவிட்டு, நான் சொன்னேன் என்று வெளியே சொல்லாதே தங்கச்சி என்றார். உடம்பு தேறியதும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்.

காண்டிராக்டர் ஆபீசில் விசாரணை என்று ஒன்று நடந்தது. காற்றுப்பாயைப் பற்றி நான் வாயைத் திறந்தேன். உனக்கு யாரம்மா சொன்னது என்றார்கள். பெயரைச் சொல்ல முடியாமல் நின்றேன். மண்டோர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தோம், அந்த ஆள் மட்டும் கொடுத்த பாலைக் குடிக்காமல் இறங்கிவிட்டார், எப்போதும் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் என்று சொன்னார். என் வீட்டுக்காரர் கழற்றி வைத்திருந்த சட்டைக்குப் பக்கத்தில் உடைக்காத டின் இருந்ததாம். அவ்வளவுதான். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. கப்பல் ஒழுங்கு, கம்பெனி ஒழுங்கு, காண்டிராக்டர் ஒழுங்கு. தப்பு எங்கள் வீட்டில், ஒரு கைக்குழந்தையின் வாயில்.

அடக்கம் ஆனதற்கு மறுநாள் பால் தெளித்தோம். நம் வழக்கம் அது. ஒரு செம்பில் பால் கொண்டுபோய்ப் புதைத்த இடத்தில் ஊற்றுவார்கள். நாத்தனார் செம்பைக் கையில் வாங்கினாள். ஊற்றவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“உசுரோட இருக்கும்போது ஒரு வாய் குடிச்சிருந்தா இப்படி மண்ணுல ஊத்துவேனா? எல்லாத்தையும் கொண்டாந்து அவ மகளுக்கே ஊத்துனியேடா!”

வந்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பி என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. அவள் பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் முந்தானையை இழுத்து அவள் முகத்தை மூடினேன்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் வேறு அறை பார்த்துக்கொண்டு போயிருப்பேன். நான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனபோது குழந்தையை வளர்த்தது அவள்தான். குளிப்பாட்டினாள், தலை பின்னினாள், கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டாள். தனக்குப் பிள்ளை இல்லாததால் அவள் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் தம்பி ஏன் செத்தான் என்ற பேச்சு வந்தால் அவளுக்கு ஒரே பதில்தான். என் மகள் காதில் மட்டும் அது விழக் கூடாது என்று நான் காவல் காத்தேன். தீபாவளிக்கு ஆள் கூடினால் காவல். துக்க வீட்டுக்குப் போனால் காவல். யாராவது அவளைப் பார்த்து, இதுதான் அந்தப் பிள்ளையா என்று ஆரம்பித்தால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றுவேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து கொஞ்ச நாளில், ஒரு டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். கேஸ் அடிக்காமல் இருக்கப் பால் குடித்தால் போதுமா என்று. அவருக்கு என் கதை தெரியாது. சிரித்தே விட்டார்.

“பால் வயித்துக்குப் போகும். மூச்சு நுரையீரலுக்குப் போகும். ரெண்டும் வேற வேற வழிம்மா. யாரு இதெல்லாம் சொல்றது?”

அன்றைக்கு வார்டில் ஒரே தரையைத் திரும்பத் திரும்ப அழுத்தித் துடைத்தேன். அழுகை இல்லை, ஆத்திரம். வீட்டுக்கு வந்த வேகத்தில் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

“டாக்டரம்மா கப்பலுக்குப் போயிருக்காங்களா? மண்டோரு எத்தன வருஷமா ஆள இறக்குறாரு. அவருக்குத் தெரியாததா?”

ஊரில் பாதிப் பேருக்கு டாக்டரை விட மண்டோர்தான் பெரியவர். ஏனென்றால் வேலை கொடுப்பது மண்டோர்.

அறுபத்தேழில் மறுபடியும் சண்டை வந்தது, மறுபடியும் கால்வாயை மூடினார்கள். ரேடியோவில் செய்தி கேட்ட அன்றே தெருவில் மண்ணெண்ணெய்த் தகரங்கள் நடமாட ஆரம்பித்துவிட்டன. என் தம்பிக்கு அப்போது வேலை இல்லை. கடற்படைத் தளத்தில் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன், வெள்ளைக்காரன் தளத்தை மூடப் போகிறான் என்ற பேச்சில் ஆட்களைக் குறைத்தபோது நின்றுவிட்டான். கால்வாய் மூடியதும் இந்தப் பக்கம் கப்பல் வரத்து கூடியது. தொட்டி கழுவ ஆள் வேண்டும் என்று எங்கும் பேச்சு. சிங்கப்பூருக்கு நல்ல காலம் வருகிறது, எல்லாக் கப்பலும் இங்கே வந்து எண்ணெய் போட்டுக்கொண்டுதான் போகும் என்று கோப்பிக் கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் மறுபடியும் விளக்கம் சொன்னார்கள். பழைய மண்டோரே இப்போது சொந்தமாகக் காண்டிராக்ட் எடுத்திருந்தார். என் தம்பி என்னிடம் சொல்லாமல் போய் அவரிடம் பேர் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் பசியாறிக்கொண்டிருந்தோம். நாளைக்கு முதல் நாள் வேலை என்று அவன் மெல்லச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். அவன் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள், அது எனக்கும் தெரியும்.

“போறதுன்னா போ. குடுக்கிற பால அங்கேயே குடிச்சிடு. இவ அப்பன் மாதிரி பிள்ளைக்குன்னு தூக்கிட்டு வராத. அப்படிக் கொண்டாந்து குடுத்துத்தானே அவன் போய்ச் சேந்தான்.”

என் மகள் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணி. கோப்பையைக் கீழே வைத்து, அதைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளினாள்.

“எந்தப் பிள்ளைக்கும்மா? எனக்கா?”

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. சொன்னது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“நான் குடிச்சதாலயா அப்பா செத்துட்டாரு?”

இல்லை என்றேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். காற்றுப்பாயைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் கண் அத்தையின் முகத்தைவிட்டு நகரவில்லை. அவளை வளர்த்தவள் அத்தை. அத்தை சொன்னதை நான் மறுக்கிறேன், அம்மா என்பதால் சமாதானம் சொல்கிறேன் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்தாள். அன்று இரவு அவள் பாயில் சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்தபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. கப்பல்காரன், கம்பெனிக்காரன், கால்வாயை மூடினவன், திறந்தவன் என்று எத்தனை பேர் இதில் கைவைத்தார்கள். அவர்களெல்லாம் அவரவர் வீட்டில் நிம்மதியாகப் படுத்திருந்தார்கள். பழி மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தலையில். மண்டோர் வாயிலிருந்து வந்த பொய், மண்டோர் வாயாலேயே போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காலையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் படகுத்துறைக்குப் போனேன். தம்பி முன்னாலேயே போய்விட்டிருந்தான். கோப்பிக் கடையை ஒட்டி ஆட்கள் வரிசையாக நின்று தகரக் குவளையில் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழர்களும் சீனர்களுமாகக் கலந்த கூட்டம். மண்டோர் பெட்டியிலிருந்து டின்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்து, வயிறு போட்டு, கையில் தங்கக் கடிகாரம் ஏறியிருந்தது.

“என்னம்மா இங்க? பொம்பளைங்க வர்ற எடமா லா இது?”

“ஒரு கேள்வி கேக்கணும் மண்டோரே. எனக்கில்ல, இவளுக்கு.”

“யாரு இந்தப் பொண்ணு?”

“பாலக் குடிச்சவ.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு நொடியில் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைக் குனிந்து பார்த்தார். நான் விடவில்லை.

“இவ அப்பா எறங்கின தொட்டியில காத்துப்பாய் எவ்வளவு நேரம் தொங்குச்சு? அத மட்டும் இவகிட்ட சொல்லுங்க.”

“அதெல்லாம் பழைய கதம்மா. நேரமாச்சு, படகு நிக்குது.”

“படகு நிக்கட்டும். சொல்லுங்க.”

நான் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். கடைக்காரச் சீனர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் குவளையும் கையுமாக எங்களைப் பார்த்தார்கள். என் தம்பியும் அவர்களில் நின்றான். மண்டோருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. ஆத்திரம் வந்ததால்தான் உண்மை வந்தது.

“ஒரு ராத்திரிதான்! போதுமா? கால்வாய மூடிட்டான், கப்பலு வெளிய நிக்குது, கேப்டன் கத்துறான், கம்பெனி கத்துது. நான் வேணாம்னு சொன்னா வேற மண்டோரக் கொண்டாருவான். நான் என்ன செய்ய முடியும் லா?”

“அந்தப் பாலக் குடிச்சிருந்தா பொழச்சிருப்பாரா?”

“பாலுக்கும் கேஸுக்கும் என்னம்மா சம்பந்தம்? பத்து டின்னு குடிச்சாலும் அந்தத் தொட்டியில எவனும் பொழைக்க மாட்டான்.”

என் மகள் அதுவரை என் கைக்குப் பின்னால் நின்றிருந்தாள். இப்போது முன்னால் வந்தாள். கோபமாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அப்ப எதுக்கு அங்கிள் பால் குடுக்குறீங்க?”

அவர் அவளைப் பார்த்தார். சின்னப் பிள்ளையிடம் பொய் சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் தெம்பில்லை.

“குடுக்கலன்னா எவன் பாப்பா எறங்குவான்?”

நான் இத்தனை வயதில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் விலை ஏறுவதைப் பற்றி, கப்பல் வரத்து கூடுவதைப் பற்றி, நாட்டின் பாதுகாப்பைப் பற்றி மேடையிலும் ரேடியோவிலும் பெரிய பெரிய ஆட்கள் பேசக் கேட்டிருக்கிறேன். யாரும் அந்த மண்டோர் அளவுக்கு வெளிப்படையாகப் பேசவில்லை. அவர் சொன்னதை அங்கே இருந்த தமிழர்கள் எல்லோரும் கேட்டார்கள். என் தம்பி குவளையைக் கடைக்காரர் மேசைமேல் வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றான். இன்னும் இரண்டு பேராவது வருவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் குவளைக்குள் எட்டிப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், மிச்சத்தைக் குடித்து முடித்தார். சீனி சீனிதானே. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு படகில் ஏறினார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது, வீட்டில் இருக்கும் வாய்களை நினைத்தால் கோபப்பட முடியவும் இல்லை. தம்பியின் இடத்துக்கு ஓரமாக நின்றிருந்த ஒரு மலாய்க்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார் மண்டோர். நாங்கள் சாலையைக் கடப்பதற்குள் படகு போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அத்தையிடம் போனாள். மண்டோர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். நாத்தனார் அடுப்பைப் பற்ற வைக்க உட்கார்ந்திருந்தாள், கையில் தீப்பெட்டி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தம்பியும் ஆமாம் என்றான். மண்டோர் வாயால் வந்துவிட்டதே, அவளால் மறுக்க முடியவில்லை. பாப்பாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு என் மேல் பாய்ந்தாள்.

“ஏன்டி போயிக் கேட்ட? பாலக் குடிக்காமப் போய்ச் செத்தான்னு இத்தன வருஷம் அவனத் திட்டினேன், உன்னத் திட்டினேன், மனசு ஆறிச்சு. கால்வாயாம், கப்பலாம், கம்பெனியாம். இதுல யாரு மூஞ்ச நான் பாத்திருக்கேன்? இனிமே நான் யாரடி திட்டுறது?”

“எல்லாரையும் திட்டுங்க அண்ணி,” என்றேன். “என் பொண்ண மட்டும் விட்டுடுங்க.”